மேய்ப்பன் ஏறிய மூன்றாம் வகுப்பு

என் அருமை இன்னாசி,

உன் ரயில் பெட்டியை நேற்று அளந்தேன். செய்ய வேண்டிய காலத்துக்கு ஒன்பது வருடம் பிந்தி.

பள்ளியில் இப்போது அங்குலம் போய்ச் சென்டிமீட்டர் வந்துவிட்டது. அதனால் பழைய மர அடிக்கோலைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் கதவு உயரம் நாலே முக்கால் அங்குலம். கோயிலின் கிறிஸ்மஸ் குடிலில் நிற்கும் மேய்ப்பன் சுரூபம் நாலே கால். நிஜத்தில் ஓர் அடிக்கு இதில் முக்கால் அங்குலம் என்ற உன் கணக்குப்படி, அந்த மேய்ப்பன் ஐந்தடி எட்டங்குல ஆள். கதவோ ஆறடி நான்கங்குலம். அவன் குனியாமல் ஏறலாம்.

இந்தக் கடிதத்தைப் பங்கு மடலில் அச்சிடக் கேட்டிருக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மறுபடி சொல்ல நேரும். பொறுத்துக்கொள்.

வழக்கம்போல இந்த வருடமும் குடில் சுரூபங்களுக்கு வர்ணம் பூச உன் அண்ணி பிலோமினா அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்தாள். தூசி தட்டுவதற்காக அலமாரி மேலிருந்த உன் பெட்டியையும் இறக்கியிருந்தாள். வர்ணம் காயட்டுமென்று மேய்ப்பனைப் பெட்டியின் வாசற்படியில் நிறுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. இவரு ஏறி நிக்கறதுக்குன்னே செஞ்சாப்ல இருக்குதுங்க.”

அவளே மேலும் சொன்னாள்: “அதுக்குத்தானா தம்பி அந்த வருசம் மேய்ப்பரு உசரத்த நூல்ல அளந்து அனுப்பச் சொன்னாப்ல! சுரூபத்துக்குச் சட்டை தெக்கறதுக்காக்கும்னு நெனச்சுட்டேன்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“நீங்க எங்க கேட்டீங்க?”

ஐம்பத்தேழாம் வருடம் நீ சானடோரியத்திலிருந்து திரும்பினாய். ரயில்வே தொழிற்கூடத்தில் பெட்டிகளுக்கு மரவேலை செய்து வந்தவன், அந்த வேலைக்கு இனி உடம்பு தாங்காது என்று அயோத்தியாப்பட்டணத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறை எடுத்துக்கொண்டாய். காசநோய் முற்றும் குணமாகிவிட்டது, பிறருக்குத் தொற்றாது என்று டாக்டர் கையொப்பமிட்ட சீட்டை என்னிடம் காட்டினாய். எழுத்தில் இருப்பதை நம்புவதுதான் என் வழக்கம். அந்த ஒரு காகிதத்தை மட்டும் நான் நம்பவில்லை.

கோயிலில் நீ உட்காரும் இடத்தைச் சுற்றிப் பாய் அளவு இடம் எப்போதும் காலியாக இருந்தது. மூன்றாவது ஞாயிறோடு பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியிருக்குமே.

ஞாயிறுதோறும் அண்ணி கொடுத்தனுப்பும் சாப்பாட்டோடு உன் அறைக்கு வருவேன். நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுக்கொள்வேன். காற்று நன்றாக வருகிறது என்பேன். நீ ஒருமுறையும் உள்ளே வரச் சொன்னதில்லை; என்னைப் பொய் சொல்ல வைக்க உனக்கு மனமில்லை போலும்.

அந்த வாசலில் இருந்துதான் உன் பெட்டி உருவானதைப் பார்த்தேன். ஆத்தூர் பக்கம் போகும் மீட்டர் கேஜ் வண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டி. தேக்குச் சிம்புகளைக் கண்ணாடிச் சில்லால் இழைத்தாய். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்திக் கூரை வளைத்தாய். குண்டூசிகளைத் தலை நறுக்கி ஜன்னல் கம்பிகளாக நட்டாய். ஒவ்வொரு ஜன்னல் பலகையும் நகத்தால் தூக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். அபாயச் சங்கிலிக்கு அம்மாவின் அறுந்த ஜெபமாலைக் கண்ணிகள்.

“இத இழுத்தா வண்டி நிக்காதுங்கண்ணா. மாதா வந்து, காரணம் சொல்லுன்னு நிப்பாங்க” என்று சிரித்தாய்.

“அடிக்கு அரை அங்குலம் என்று வைத்திருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும். முக்கால் எதற்கு?” என்று கேட்டேன்.

“கணக்குப் போடறவங்களுக்குச் சுளுவா இருந்தாப் போதுமா? ஏர்றவங்களுக்குச் சுளுவா இருக்க வேண்டாமா?”

வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நீ வேடிக்கையாகச் சொன்னவற்றில் இன்னும் எத்தனையை இப்படித் தவறவிட்டேன்?

பெட்டி முடிந்ததும், கிறிஸ்மஸ் குடிலில் ஓர் ஓரமாக வைக்க முடியுமா என்று கேட்டாய். நான் குடில் கமிட்டியின் செயலாளர். கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன். பெரியவர் ஒருவர், “வாத்தியாரே, புள்ளைங்க வந்து தொடுமே…” என்று இழுத்தார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் என்ற முறையில் நான் அப்போது டாக்டரின் சீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது வேறு. “விகிதம் பொருந்தாது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நம் ஆடுகள் எருமை மாதிரி தெரியும்.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. என்னுடையதும் அதில் இருந்தது. அடிக்கோல் அன்று என் கைப்பையில்தான் இருந்தது, இன்னாசி. சுரூபங்கள் பத்தடி தூரத்தில் வரிசையாக நின்றன. ஏன் அளக்கவில்லை? அளந்தால் பொருந்திவிடுமோ என்று பயந்தேன்.

உன்னிடம் வந்து அதே காரணத்தைச் சொன்னேன்.

“அப்படிங்களா? உங்க மூணு ராஜாக்களும் ஒட்டகத்த முடுக்கிக்கிட்டு வந்து சேர சனவரி ஆறாந்தேதி ஆவுது. நம்ம பொட்டியில ஏறுனா கிறிஸ்மஸுக்கே வந்துருவாங்கல்லங்கண்ணா?”

நான் சிரிக்கவில்லை. நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். “நான் வரலீன்னாப் போவுது. அதாச்சும் கோயிலுக்குள்ள வரட்டுமே.”

“அளவு என்றால் அளவுதான்” என்றேன்.

“செரிங்கண்ணா.” அவ்வளவுதான். ‘நான் நூலால் அளந்துதான் செய்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை? நான் அளக்காததன் காரணம் உனக்குத் தெரிந்துவிட்டதா?

அடுத்த கிறிஸ்மஸை நீ பார்க்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. நாங்கள் பயந்த நோய் உன் உடம்பில் இல்லவே இல்லை என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் செய்ததை இங்கே எழுதியாக வேண்டும். உன் பெட்டியை வீட்டுக்குள் எடுக்குமுன் மூன்று நாள் முற்றத்து வெயிலில் காய வைத்தேன். கூரையில் நீ ஏழு முறை பூசிய வார்னிஷ் அதில்தான் வெடித்தது. பார்க்க வருகிறவர்களிடம் பழசாகிவிட்டது என்று சொல்லி வந்திருக்கிறேன்.

இந்த வருடக் குடிலில் மேட்டூர் அணை வரப்போகிறது. கமிட்டியின் இளைஞர்கள் நிஜத் தண்ணீரே விடப்போகிறார்களாம். விகிதம் என்ன என்று நான் கேட்பேனென்று காகிதத்தில் கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். வாங்கி மடித்து வைத்துவிட்டு, செய்யுங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதே கூட்டத்தில் உன் பெட்டியையும் மேசைமேல் வைத்தேன். அளவைச் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் சொன்ன காரணம் பொய் என்றும், உண்மையான காரணம் இன்னதென்றும் சொன்னேன். அன்றைய பெரியவர் இன்னும் இருக்கிறார். “செத்தவரப் பத்தி இப்ப எதுக்குங்க வாத்தியாரே?” என்றார். “இது செத்தவனைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது” என்றேன். இளைஞர்களில் ஒருவன் எழுந்து வந்து ஒரு ஜன்னல் பலகையை நகத்தால் தூக்கிப் பார்த்தான். ஏறியது. விட்டான், இறங்கியது. “யாருங்க சார் இது செஞ்சது?” என்றான். உன் பெயரை அந்த அறையில் உரக்கச் சொல்ல எனக்கு ஒன்பது வருடமாயிற்று.

இது உன்னிடம் மன்னிப்பு வாங்கித் தராது. அதை எதிர்பார்த்து எழுதவில்லை.

ஒன்று மட்டும் வாக்களிக்கிறேன். குடிலுக்கு முன்னால் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை ஒவ்வொரு வருடமும் நிற்கும். அதை எழுதுகிறவன் நான்தான். இந்த வருடம் எழுத மாட்டேன். குழந்தைகள் எட்டுகிற உயரத்தில், முன்வரிசையில் உன் பெட்டி இருக்கும். கதவைத் திறக்கட்டும், ஜன்னலை ஏற்றி இறக்கட்டும், சங்கிலியை இழுக்கட்டும். எது உடைந்தாலும் உடையட்டும். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன், நாற்காலி இல்லாமல்.

உன் வாசலுக்கு வெளியிலேயே இருந்துவிட்ட
அண்ணன்,
மரியதாஸ்