ஒலிநாடாவில் நான் எழுதாமல் விட்டது

ஜூன் 3

மகள் கருவுற்றிருக்கிறாள். பதினோரு வாரம், ஸ்கேனில் இதயத் துடிப்பு உறுதி. சொன்னவள் அவளே, காலையில், தொலைபேசியில். நல்ல செய்தியிலும் அவள் குரல் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டது. ஏழு வயதிலிருந்து அப்படித்தான். தோள் துள்ளும், தொண்டையிலிருந்து குரைப்புபோல ஒரு சத்தம் வரும். மருத்துவர்கள் டூரெட் என்று எழுதுவதை எங்கள் வீட்டில் வெட்டு என்போம்.

பேச்சை முடிக்கும் முன் கேட்டாள்: "குழந்தைக்கும் வருமாம்மா?"

தெரியாது என்றேன். நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும், தெரியாது என்பதோடு நிறுத்த இன்னும் பழகவில்லை.

ஜூன் 9

மரபியல் மருத்துவரிடம் மகளும் மாப்பிள்ளையும் நானும் போனோம். அவர் குடும்பத்தை வரைந்தார்: ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மகளின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். "வேற யாருக்காவது?"

"இவ அத்தைக்குக் கண் சிமிட்டல் உண்டு," என்றேன் சட்டென்று. கணவரின் தங்கை. அந்த வட்டத்தில் பாதி கறுத்தது.

"எந்த மரபணுன்னு கண்டுபிடிச்சு வயித்துலயே பாத்துட முடியாதா டாக்டர்?" மாப்பிள்ளை.

"ஒண்ணே ஒண்ணு கெட்டு வர்றது அபூர்வம். பெரும்பாலும் நூத்துக்கணக்குல சேர்ந்து, ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டு தள்ளிவிடும். அப்பா பக்கம், அம்மா பக்கம் ரெண்டுலருந்தும் வரலாம். வயித்துல பாக்கச் சோதனை கிடையாது."

வாய்ப்பு பத்தில் ஒன்று, சற்றுக் கூடவும் இருக்கலாம் என்றார். ஆண் குழந்தையென்றால் இன்னும் கூடும். வழி நெடுக மாப்பிள்ளை கைபேசியில் அதைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 10

என் பிறந்த வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்லை. அது உறுதி.

ஜூன் 14

நாத்தனார் வீடு. "என்ன அண்ணி, பேட்டியா? போட்டோ எடுக்கிறவர் எங்க?"

அவளுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பாவுக்குத் தோள் குலுங்கும். கேட்டா குளிருதும்பாரு. கொளுத்துற வெயில்லயும் குளிரும் அவருக்கு!" சிரிக்கும்போது அவள் கண்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

இரண்டு பேர் சொல்லாமல் எதையும் எழுதியதில்லை நான். மாலையில் கணவரின் சித்தப்பாவும் அதையே சொன்னார்.

ஜூன் 21

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, கண்டதைச் சொன்னேன். மாமனார், நாத்தனார், மகள் — ஒரே கோடு. மகள் தலை நிமிரவில்லை.

கணவர் எழுந்துபோய் என் பழைய ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். "விசாரணை அதிகாரி இதையும் கேக்கட்டும்." ஆலை விபத்தில் தப்பிய தொழிலாளியிடம் நான் எடுத்த பேட்டி. என் குரல். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் — க்கும், க்கும், க்கும்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்தக் கச்சேரிதான். கேட்டா தூசிம்பே, ஏசிம்பே."

பேட்டியைத் தாளில் எழுதும்போது எந்த நிருபரும் தன் செருமலை எழுதுவதில்லை. எதிரே இருப்பவர் சொன்னதுதான் செய்தி. எத்தனை நாடாக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பேன்! இது என் காதில் விழுந்ததே இல்லை.

"அம்மா, நீயுமா!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தார். "அப்போ ரெண்டு பக்கமும் இருக்கு அத்தை."

ஜூன் 23

குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் பெட்டியோடு இங்கே.

"உன்னை யாரும்மா விசாரிக்கச் சொன்னா? வருமான்னு கேட்டேன். வந்தா பாத்துக்கலாம்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வம்சத்தையே தோண்டி எடுத்து அவர் முன்னாடி வச்சிட்டியே."

ஜூன் 24

தூங்கவில்லை. எதுக்குப் போனேன் நான்? உண்மைக்கா? என் பக்கம் இல்லைன்னு காட்டத்தானே போனேன்?

ஜூன் 30

ஒரு வாரமாக மகள் என்னோடு பேசவில்லை. அவளுடைய வெட்டு கூடியிருக்கிறது. சுவர் வழியே கேட்கிறது.

ஜூலை 2

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். க்கும், க்கும், க்கும். இப்போதெல்லாம் எனக்கே கேட்கிறது. பக்கத்து அறையிலிருந்து அவள் குரைப்பு. பிறகு என்னுடையது. மறுபடி அவளுடையது. அடக்க அடக்க இருவருக்கும் கூடியது.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள். "போதும்மா, நாய்ங்க சண்டை போடுதுன்னு பக்கத்து வீட்டுல நினைப்பாங்க." தோள் துள்ளி அடங்கியது. "பெத்துக்கப்போறேன். அவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"வந்தா பாத்துக்கலாம்டி," என்றேன். தாமதமாக.

குழந்தையைப் பெறுவது உறுதி, சொன்னவள் அவளே. மாப்பிள்ளையின் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார் என்கிறார் அவர் அண்ணன். அவர் ஒருவர்தான் சொல்கிறார். பிரசவம் டிசம்பர் கடைசியில். வெட்டு வருமா என்பது அதன் பிறகு ஆறு, ஏழு வருடத்தில் தெரியும். அப்போது எனக்கு எழுபது நடக்கும்.