உச்சிப்புளிக்கு முன்னால் நீ காட்டிய முட்டை

மாப்ளே,

நம் லாரிக் கண்ணாடியில் நீ கட்டித் தொங்கவிட்டாயே ஒரு பழுப்புப் பை, அது போன வாரம் உடைந்துவிட்டது. சங்ககிரிப் பட்டறையில் கேபினுக்குப் பெயின்ட் அடிக்க விட்டிருந்தேன். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிற்றைப் பெயின்டர் அவிழ்த்தபோது, பை கீழே விழுந்து பிளந்தது. "ஏனுங்ண்ணா, இதுக்குள்ள கருவாடு இருக்குதுங்க" என்றார். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவன், பக்கத்தில் கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விரல் நீள மீன்தான். காய்ந்து சுருண்டிருந்தது. கண் இருந்தது, வால் இருந்தது, முதுகில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகூட இருந்தது.

படம் எடுத்து மண்டபம் கடற்கரைக்கு அனுப்பினேன். கோழித்தீவனத்துக்குக் கருவாடு ஏற்றிவிடுவாரே, அந்த மீனவருக்குத்தான். உடனே கூப்பிட்டார். "அண்ணே, இந்தப் பை சின்ன சாதிச் சுறாவோட முட்டை, உள்ள காஞ்சு கெடக்குறது அதோட குஞ்சு. பெருசானாலும் ரெண்டு முழம் வராது, ஆளைக் கடிக்காது. அடித்தரையிலயே கெடக்கும். பகல்ல பாறை இடுக்குல, பாசிக்குள்ள ஒளிஞ்சுக்கும். முட்டையும் அங்கனதான் ஒட்டி வைக்கும்." சுறா என்றால் படகையே கவிழ்க்கும் என்று நினைத்திருந்த ஆள் நான்.

நாமக்கல்லிலிருந்து லோடு லோடாக முட்டை ஏற்றிப் போனவர்கள் நாம். கையில் இருப்பதும் முட்டைதான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மண்டபத்தில் கருவாடு ஏற்றுகிற நேரத்தில், கரையில் ஒதுங்கிய பாசியோடு அதைப் பொறுக்கி வந்தாய். குஞ்சு பொரிக்கிற பண்ணையில் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கை அல்லவா? உச்சிப்புளி வருவதற்குள் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாய். "மாப்ள, உள்ளார என்னமோ அசையுது. வண்டியத் திருப்பு, கடல்லயே உட்டுட்டு வந்தர்லாம்" என்றாய். "வண்டி ஓடுனா எல்லாந்தான் அசையும். பாசிக்காயா இருக்கும், திருஷ்டிக்குக் கட்டு" என்றேன். எலுமிச்சைக்குப் பக்கத்தில் உன் கையாலேயே கட்டினாய்.

திருப்பி விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று மீனவரிடம் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். "அது லேசுல சாகாதுண்ணே. தண்ணியில்லாமலே பல மணி நேரம் தாங்குற மீனு" என்றார். திரும்பிப் போயிருந்தால் நமக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

அவர் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மீனுக்காக மட்டும் இல்லை.

போன வருடம் மோகனூர்ப் பண்ணையில் லோடு இறக்கிவிட்டுக் கிளம்பும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "உள்ளார என்னமோ பண்ணுது மாப்ள" என்றாய். "காத்தா இருக்கும், ஒரு சோடா குடி" என்றேன். அன்றும் நான் சொன்னபடியே குடித்தாய். நாமக்கல்லில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வண்டியை ஓட்டினேன். திருச்செங்கோடு வரும்போது, நீ தூங்குகிறாய் என்று நினைத்து ரேடியோ சத்தத்தைக் குறைத்தேன்.

இத்தனை நாளும் நீ போனதை விதி என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன மீனைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தடவையும் நீ சரியாகத்தான் சொன்னாய். இரண்டு தடவையும் ஸ்டீயரிங் என் கையில் இருந்தது.

வேலை முடிந்ததும் பெயின்டர், "இதையும் திரும்பக் கட்டிர்லாங்களாண்ணா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உடைந்த முட்டையோடு மீனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடுத்த மண்டபம் லோடில் கொண்டுபோய்ப் பாசிக்குள் விட வேண்டும்.

நேற்று ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, சட்டைப்பைக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. வண்டி ஓடினால் எல்லாம்தான் அசையும். இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்தி, கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.