ஒன்பதாம் படுக்கையின் பன்னிரண்டு மணி

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிறு பக்கத்துக்கு ஆசிரியர் கட்டுரை கேட்டார். "ஆஸ்பத்திரியப் பத்தி நல்லதா ஒண்ணு எழுதுங்க சார். நீங்க எழுதுறதப் படிச்சா எனக்கே காய்ச்சல் வருது." முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன் போல.

நல்லது என்றால் அக்காவின் வார்டுதான். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும் என்று புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்ஸிஜன் என்று ஐந்து அளவுகள். ஒன்று எல்லை மீறினாலும் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஒரு கட்டம்கூட விடாமல் இதைச் செய்கிற ஒரே வார்டு அக்கா தலைமைச் செவிலியராக இருக்கும் வார்டு. அடுத்த வாரம் நாற்பது மருத்துவமனைகளின் தலைவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கப் போகிறாள்.

போனில் சொன்னேன். "தம்பி எழுதி அக்கா பேர் வாங்கினான்னு சிரிப்பாங்கடா" என்றாள். பிறகு, "வியாழன் பத்து மணிக்கு வா. கையக் கழுவிட்டு உள்ள வா."

மார்ச் 6, வியாழன்

இருபத்து நான்கு படுக்கைகள். வாசல் பலகையில், நிரம்பிய கட்டங்களின் சதவீதமாக, பச்சை மையில் '100' என்று எழுதியிருக்கிறது. பணியில் ஒரே செவிலியர். ஓட்டமும் நடையுமாக இருப்பதால் எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒன்பதாம் படுக்கையில் சைக்கிள் கடைக்காரர். "பேப்பர்காரரா? போட்டோ கீட்டோ எடுத்துடாதீங்க, இன்னும் ஷேவ் பண்ணல" என்று தாடையைத் தடவிக்கொண்டார். அவர் கால்மாட்டில் தொங்கிய தாளைத்தான் நகலெடுத்தேன். எல்லாக் கட்டங்களிலும் எண்கள், அழகான கையெழுத்து. கட்டுரைக்கு அட்டவணையாகப் போடலாம்.

அக்கா பயிற்சிக் கூட்ட வேலையாக மாடியில் இருந்தாள். பதினொன்றுக்குக் கிளம்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

கட்டுரை வந்துவிட்டது, அரைப் பக்கம். ஆசிரியர் கைகுலுக்கினார். பயிற்சிக்கு வரும் நாற்பது பேருக்கும் இதை நகலெடுத்துக் கொடுக்கப் போகிறார்களாம்.

அக்கா காலையில் கூப்பிட்டாள். "நல்லா எழுதியிருக்க." வைத்துவிட்டாள். ஒரு கிண்டல்கூட இல்லை. வேலையாக இருப்பாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் ஒரு பெண் போன் செய்தாள். சைக்கிள் கடைக்காரரின் மகள். குரலில் கோபமே இல்லை.

"சார், நீங்க போட்டிருக்கிற ஒன்பதாம் படுக்கை எங்க அப்பாதான். பன்னண்டு மணிக்கு நாடி எழுபத்தெட்டு, ரெண்டு மணிக்கு எழுபத்தாறுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"அப்பா பதினொன்னே காலுக்கே போயிட்டார்னு சொன்னாங்க சார்."

அவள் தொடர்ந்தாள். "அப்போ ரெண்டு மணி வரைக்கும் உயிரோட இருந்தாரா? எங்ககிட்ட தப்பா சொல்லிட்டாங்களா? நாங்கதான் அவசரப்பட்டு எடுத்துட்டுப் போயிட்டோமா?"

நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

குறிப்பேட்டை எடுத்தேன். பக்கத்தின் ஓரத்தில் நேரம் குறிப்பது என் பழக்கம். 10.40. அதற்குக் கீழே, என் கையெழுத்திலேயே, பன்னிரண்டு மணி, இரண்டு மணி அளவுகள். வராத நேரத்தின் எண்களை நின்று நிதானமாக எழுதியிருக்கிறேன். கட்டங்கள் நிறைந்திருந்தன, அதனால் எழுதினேன். அச்சிலும் வந்துவிட்டது. ஆசிரியர் படித்தார், பிழை திருத்துபவர் படித்தார். யார் கண்ணிலும் படவில்லை.

அதற்கும் கீழே ஒரு வரி: 'சட்டை நனைய வியர்வை. மின்விசிறி சுற்றுகிறது. தாடையைத் தடவுகிறார்.'

வர்ணனைக்காக எழுதி வைத்தது. வியர்வை, தாடை வலி என்றால் மாரடைப்பாக இருக்கலாம், உடனே கூப்பிடு என்று வழிகாட்டுதலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் அப்போது என் பையில் இருந்தது. ஐயோ, ஷேவ் பண்ணாத தாடையைத் தடவுறார்னுதானே நினைச்சேன் —

மார்ச் 12, புதன்

அக்காவின் அறைக்குப் போய்க் குறிப்பேட்டை விரித்து வைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன்டா."

என் அக்கா. மிச்சச் சில்லறையில் ஒரு காசு கூடினாலும் கடைக்குத் திரும்ப நடக்கிறவள். மூன்று நாள் இதை வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்திருக்கிறாள்.

"முன்னாடியே எழுதி வைக்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." பிறகு, "நூறுன்னு எழுதி மாட்டினதுக்கப்புறம் யாருடா கேப்பா?"

"பத்து மணிக்கு அவர நிஜமாவே அளந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம், பொழைக்காமயும் போயிருக்கலாம். இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல." எழுந்தாள். "வாட்ச் கட்டியிருக்கல்ல? வா."

வார்டில் அவளே அளந்தாள், நான் நேரம் பார்த்தேன். முப்பத்து மூன்று வருட அனுபவம் உள்ள கை. ஒரு படுக்கைக்குச் சராசரி ஆறு நிமிடம். இருபத்து நான்கு படுக்கைக்கு நூற்று நாற்பத்து நான்கு நிமிடம். இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ நூற்று இருபது. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, மலப்பாத்திரம் வைத்து எடுப்பது எதுவும் இதில் சேரவில்லை. ஒரு செவிலியரால் முடியவே முடியாத வேலையை நூறு சதவீதம் முடித்ததாகப் பாராட்டி எழுதியிருக்கிறேன். பெருக்கிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

எக்ஸ்பிரஸ் சுவரோரம் நின்று அழுதாள். "கட்டம் காலியா இருந்தா நம்ம வார்டு மானம் போகும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

அக்கா ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

படியில் இறங்கும்போது சொன்னேன். "வெள்ளிக்கிழமை திருத்தம் போடப்போறேன். உன் வேலை போனாலும் போகும்."

"வெள்ளி உனக்கு. வியாழன் எனக்கு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது தலைவர்கள். அவர்கள் கையில் என் கட்டுரை.

அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இதுல ஒரு பெரிய தப்பு இருக்கு. பத்து நிமிஷம் தர்றேன், கண்டுபிடிங்க."

பேனாவோடு படித்தார்கள். ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார் ஒருவர். படுக்கைகள் நெருக்கம் என்றார் இன்னொருவர்.

"எழுதினவர் இத நகலெடுத்தது பத்து நாப்பதுக்கு" என்றாள் அக்கா. "அட்டவணைய மறுபடி பாருங்க. இந்த ஒன்பதாம் படுக்கை பதினொன்னேகாலுக்கு இறந்துட்டார். இது என் வார்டு. பலகையில நூறுன்னு எழுதினது நான்."

பேனாக்கள் அட்டவணையின் பன்னிரண்டு மணிக் கட்டத்துக்குப் போயின.

முன்வரிசையில் இருந்த பெரிய டாக்டர் தலையசைத்தார். "வருத்தமான விஷயம்மா. ஆனா எங்க ஆஸ்பத்திரியில இதெல்லாம் நடக்காது."

"மணி இப்போ பதினொன்னு பத்து. உங்க வார்டுக்கு ஒரு போன் போடுங்க டாக்டர். திட்டாதீங்க, காரணம் சொல்லாதீங்க. ஒன்பதாம் படுக்கைக்கு பன்னண்டு மணி நாடி என்னன்னு மட்டும் கேளுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

சிரித்துக்கொண்டே போட்டார். ஓர் இளம் குரல், மூச்சிரைக்க: "பன்னண்டு மணிக்கா சார்? ஒரு நிமிஷம்... எழுபத்தெட்டு சார்."

அவர் போனைப் பிடித்தபடியே இருந்தார். நிறுத்தத் தோன்றவில்லை. "சார்? ரெண்டு மணிக்கும் சொல்லட்டுமா சார்?" என்றது அந்தக் குரல்.

பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். சிலர் வெளியே போய்ப் போட்டார்கள். நான் எண்ணினேன். ஐந்து பேருக்கு யாரும் எடுக்கவில்லை. ஒன்பது பேருக்கு, 'இன்னும் பன்னண்டு ஆகலையே' என்ற பதில். இருபத்தாறு வார்டுகளில் பன்னிரண்டு மணி ஏற்கெனவே முடிந்திருந்தது.

எழுபத்தெட்டு என்ற அதே எண் எத்தனை முறை வந்தது என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

திருத்தம் வந்தது. ஆசிரியர் ஒரு வரி போதும் என்றார். நான் நாற்பது வரி கொடுத்தேன். தலைமைச் செவிலியர் என் உடன்பிறந்த அக்கா என்பதும் அதில் இருக்கிறது.

மாலையில் சைக்கிள் கடை. மகள் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த எண்கள் அளக்காமல் எழுதியவை என்றேன். அப்பா பதினொன்றேகாலுக்கே போய்விட்டார், நீங்கள் அவசரப்படவில்லை என்றேன்.

"நீங்க பாத்தப்ப பேசினாரா?"

ஷேவ் பண்ணாததைச் சொன்னேன். சிரித்தாள். "அவர் எப்ப சார் ஷேவ் பண்ணார்?"

வியர்வையையும் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். அவள் டியூபைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, நான் வாசலில் நிற்கும்போதே, ஷட்டரை இறக்கினாள்.

மார்ச் 22, சனி

எழுத ஒன்றுமில்லை. வியர்வை என்ற சொல் கண்ணில் பட்டாலே எழுந்து போய்விடுகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

அக்காவைப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. எக்ஸ்பிரஸ் மேல் எதுவும் வரக்கூடாது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வார்டு இன்னும் அவளிடம்தான். இன்னொரு செவிலியரைத் தற்காலிகமாக அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

இன்று பத்தரைக்குப் போனேன். வாசல் பலகையில் 61. "என்னடா, பாஸ் மார்க் தாண்டிட்டேனா?" என்றாள் அக்கா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அடித்த முதல் கிண்டல்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு பள்ளி ஆசிரியர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. எங்காவது வலிக்கிறதா என்று கேட்டேன். "நீங்க டாக்டரா?" என்றார். இல்லை, பத்திரிகைக்காரன் என்றேன். ஒரு சுளை கொடுத்தார்.

அதைத் தின்று முடித்த பிறகுதான் கால்மாட்டுத் தாளை எடுத்தேன். எட்டு மணிக்கு ஐந்து எண்கள். பத்து மணிக் கட்டத்தில், அதே அழகான கையெழுத்தில்: 'பார்க்க முடியவில்லை. பதினான்காம் படுக்கை அவசரம்.' கீழே கையொப்பம்.

பன்னிரண்டு மணிக் கட்டம் காலி.

குறிப்பேட்டின் ஓரத்தில் 10.40 என்று எழுதினேன்.