கடலுக்கடியில் வேலை பார்ப்பவள் மதினிக்கு எழுதுவது

முத்துமாரி மதினிக்கு, என் தங்க மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு வரச் சொல்லி அண்ணன் போன் செய்தார். ஊருக்கு வந்து எல்லார் முன்னாலும் உங்களைப் பற்றிப் பேச எனக்கு வராது. அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். சுற்றுலா வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். காலிப் படகில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

சாயல்குடிப் பக்கத்து உப்பளத்து ஊரிலிருந்து பாம்பனுக்கு வாழ வந்தவர் நீங்கள். வந்த புதிதில் அலைச் சத்தத்துக்கே பயப்படுவீர்கள். "எங்க ஊருல கடலப் பாத்தி கட்டி அடக்கி வச்சிருப்போம். இங்கன என்ன, இப்பிடி அவுத்து விட்ருக்கீக?" என்று நீங்கள் கேட்டதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. கால் நனைக்கக்கூட நீங்கள் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவர் எனக்காக ஏன் அவ்வளவு சண்டை போட்டீர்கள்?

கல்லூரி முடித்துவிட்டு, வெளியூர்க்காரர்களுக்குக் கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் மீன் காட்டும் இடத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்த ஒரு பெண்தான் டைவ்மாஸ்டர் என்று ஒரு வேலை இருப்பதைச் சொன்னாள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய், சுற்றிக்காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். படித்தால் வெளிநாட்டிலும் வேலை கிடைக்கும் என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "வெளிநாட்டுல, ஒத்தப் பொம்பளப் புள்ளையா, தண்ணிக்குள்ளயா? ஒண்ணும் வேணாம்."

நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க காத்தடிச்சாலும் கடலுக்குப் போறீக. நான் வேணாம்னு சொன்னா நிப்பீகளா? நெஞ்சுக்குள்ள நெருப்பக் கட்டிக்கிட்டு நான் இருக்கலையா? அவ போறப்ப நீங்களும் அப்பிடியே இருங்க."

மறுநாள் பயணத்துக்காக என் கிழிந்த துணிப்பையை அண்ணனே தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தமானில் ஒரு டைவிங் பள்ளியில் எடுபிடி வேலை செய்துகொண்டே படித்தேன். காலையில் சிலிண்டர் சுமக்க வேண்டும், ஈர உடுப்புகளை அலச வேண்டும். பிறகு பயிற்சி. தண்ணீருக்கடியில் முகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஒரே காற்றுக் குழாயை இன்னொருவரோடு மாற்றி மாற்றி மூச்சுக்குப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மயங்கியவரை இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும். கடல் எனக்குக் கஷ்டமாக இல்லை. இங்கிலீஷ்தான் கஷ்டமாக இருந்தது. பாடக் கேள்விகளைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவேன். பத்தாம் வகுப்போடு நின்ற நீங்கள் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்துப் போனில் என்னிடம் கேள்வி கேட்பீர்கள். "ஏ புள்ள, ஒரு கேள்விக்கு நாலு பதில் போட்டுருக்கான். மூணு பொய்யாம்ல? பொய்ய எதுக்கு மெனக்கெட்டு அச்சடிக்கான்?" நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள்.

சான்றிதழோடு ஊருக்கு வந்தும் வேலை கிடைக்கவில்லை. எத்தனையோ இடங்களுக்கு எழுதினேன். ரஷ்ய மொழி தெரியுமா, ஜெர்மன் தெரியுமா என்றார்கள். பலர் பதிலே போடவில்லை. "போயிட்டு வந்துட்டாள்ல, இனி ஒருத்தன் கையில புடிச்சுக் குடுங்க" என்று தெருவில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மாலத்தீவிலிருந்து வீடியோவில் நேர்காணல் வந்த நாள் நினைவிருக்கிறதா? போனை அடுக்களை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தோம். நான் ரொம்பச் சின்ன உருவமாக இருக்கிறேனாம், சிலிண்டரைத் தூக்க முடியுமா என்று அந்த மேலாளர் கேட்டார். நான் தடுமாறினேன். என்ன கேட்கிறார் என்று சைகையில் விசாரித்தீர்கள். சொன்னேன். உடனே அடுப்புக்குக் கீழே மாற்றாக வைத்திருந்த கேஸ் சிலிண்டரைத் தரதரவென்று இழுத்து வந்து என் முன்னால் போட்டீர்கள். "வாயால என்னத்தச் சொல்ற? தூக்கிக் காட்டு!"

தூக்கினேன். அதுவும் நிறை சிலிண்டர். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை கிடைத்தது.

மதினி, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இவ்வளவு தனிமை இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எழுதவில்லை. தண்ணீரில் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. ஒவ்வொரு நாள் காலையிலும் வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவேன். புருஷன் பெண்டாட்டி, அப்பா மகன், கூட்டாளிகள். எல்லாரையும் சேர்த்த பிறகு நான் மட்டும் மிஞ்சி நிற்பேன். ஒரு வாரம் சிரித்துப் பேசுவார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். சமையலறையில் மட்டக்களப்பு அண்ணன் ஒருவர் இருந்தார். தமிழ் பேச அவர் ஒருவர்தான். அவரும் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இப்போது முகக் கண்ணாடிகளைக் கழுவும்போது எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்கிறேன்.

உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். "ஒண்ணுமில்ல புள்ள, நீ தண்ணியில கவனமா இரு" என்று நீங்களே போனில் சொன்னீர்கள். குரல் மட்டும் கம்மியிருந்தது. பிறகு மதுரைக்கு மாற்றியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடலுக்கடியில் இருப்பவளிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டாராம்.

காலை டைவ் முடிந்து மேலே வந்தேன். ஆமை பார்த்த சந்தோஷத்தில் படகே கூச்சலாக இருந்தது. போனை எடுத்தால் அண்ணன். "மாரி போயிட்டாடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

அன்று காற்று பலமாக இருந்ததால், விமானம் ஏற மாலேக்குப் போகப் படகு இல்லை. மதியக் குழுவுக்கு வேறு ஆளும் இல்லை. நானே இறங்கினேன். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் சேர்ந்தால் அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சரி என்று கையால் சைகை காட்டிக்கொண்டேயிருந்தேன். இறங்கியது சரியா மதினி? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாயில்லாப் பிள்ளையை யார் பார்ப்பது, அத்தைக்காரி இருக்கும்போது வேறு யார் வேண்டும், வேலையை விட்டுவிட்டு வா என்றார்கள். உங்கள் மகள் மகிழினி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அதற்குச் சம்மதித்துத்தான் இருந்தேன்.

அண்ணன்தான் எழுந்தார். "அவ போகட்டும். எம் பொண்டாட்டி சண்டை போட்டு அனுப்பிச்ச புள்ள அது. எம் மகள நான் பாத்துக்கிடுவேன்" என்றார்.

பார்த்துக்கொள்கிறார் மதினி. நாள் கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகை விட்டுவிட்டார். கரையோரம் போய் அன்றன்றைக்கே திரும்பும் நாட்டுப்படகில் போகிறார். வரும்படி குறைவுதான். மகிழினிக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டு, கோணல் வகிடோடு படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். அவள் அங்கன்வாடிக்கு அழாமல் போகிறாள். மீன் முள்ளைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறாளாம்.

போன வாரம் போனில் என்னிடம் கேட்டாள்: "அத்த, அம்மாவக் கடல்ல விட்டுட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. நீங்க தெனமும் கடலுக்குள்ள போறீங்கள்ல? அம்மாவப் பாத்தீங்களா?"

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவளுக்குப் போனில் பதில் சொல்ல மாட்டேன் மதினி. விடுப்புக் கிடைத்துவிட்டது, திதிக்கு முன்னால் வந்துவிடுவேன். அவளை எதிரில் உட்கார வைத்து, கதை கட்டாமல், உள்ளதைச் சொல்வேன். 'நானும் ஒவ்வொரு நாளும் தேடிப் பார்க்கிறேன், செல்லம். அம்மா அங்கே இல்லை' என்பேன். அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் நாத்தனார்,
மகிழினியின் அத்தை,
சரண்யா