பதினேழாம் புள்ளி

அக்டோபர் 5, திங்கள்

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கே மூட்டம். பிற்பகல் மழை நிச்சயம், அதற்குள் துணி காய வேண்டும்.

அம்மாவின் காலில் இன்னும் மாவுக்கட்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது மலையில் வழுக்கி விழுந்தவர். அடுத்த கிளினிக் வரை நடக்கக் கூடாது. நடக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், நான் வைத்த பருப்பில் உப்பு இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பினார்.

கெம்பஸில், பல்கலைக்கழகத்தில், லீவு சொல்லி வந்தாலும் வேலைக்கு லீவு இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க் நிறைய விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்கள். புதிய திருத்தக் கோப்புகள் வந்திருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து மறுபடி கணினி நிரலில் ஓட்ட வேண்டும். மூலப் படத்தை வெளியாள் பார்த்தால் கெட்டுப்போன படம் என்பார். கோடுகள், கீறல்கள், செத்த பிக்சல்கள், கதிர்கள் மோதிய வெள்ளைத் தழும்புகள். ஒவ்வொன்றாகக் கழித்து, ஒரே இடத்தைப் பல முறை எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால்தான் தூரத்து விண்மீன் திரள்கள் வரும்.

எங்கள் பட்டியலில் முப்பத்தொரு திரள்கள். அவற்றில் தலைமகன் 17ஆம் எண். மிக நீண்ட அலைநீளத்தில் எடுத்த ஒரே ஒரு பட்டையில் மட்டும் தெரியும் புள்ளி. மற்றப் பட்டைகளில் சுத்தமாக இல்லை. அப்படியென்றால் மிக மிகத் தொலைவில் இருக்கலாம். பேராசிரியர் இதன் நிறமாலையை எடுக்கத் தொலைநோக்கி நேரம் கேட்கப் போகிறார். விண்ணப்பத்தில் முதல் பெயர் 17, இரண்டாவது பெயர் என்னுடையது. நேரம் கிடைத்தால் அடுத்த மூன்று வருடம் இந்த வேலையிலேயே இருப்பேன்.

போன மாதம் பேப்பரில் வந்தது. "தோட்டத்து மகள் கண்டுபிடித்த புதிய அண்டம்." நிருபரிடம் நான் நான்கு முறை சொன்ன "இருக்கலாம்" அச்சில் ஒரு முறை கூட இல்லை.

மாலை பள்ளிக்கூட அதிபர் குடையோடு லயத்துக்கே, எங்கள் வரிசை வீட்டுக்கே, வந்துவிட்டார். 16ஆம் தேதி வாணி விழா, பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூஜை. "நீங்கதாம்மா பிரதம விருந்தினர். புள்ளைங்க ஒங்களத்தான் கேக்குதுங்க." சரி என்றேன். அம்மாவின் முகத்தில் கால் வலி காணாமல் போயிருந்தது.

அக். 7

மழை. கரண்ட் போய் வந்தது இரண்டு முறை. லேப்டாப் பெட்டரி ஒரு மணி நேரம் தாங்கும்.

புதிய ஓட்டம் பாதி முடிந்தது. அடுக்கிய படத்தில் 17 முன்பைவிடக் கொஞ்சம் மங்கல். திருத்தம் மாறினால் கொஞ்சம் மாறுவது வழக்கம். ஆனாலும் அடுக்கைப் பிரித்துத் தனித்தனிப் படங்களில் அளந்து பார்த்தேன். முதல் படத்தில் கூடுதல் ஒளி. அடுத்ததில் குறைவு. அதற்கு அடுத்ததில் இன்னும் குறைவு.

ஒரு முழுத் திரள் அரை நாளில் மங்காது.

இரைச்சலாக இருக்கலாம். இவ்வளவு மங்கலான புள்ளியில் எண்கள் ஆடும். ஆடும் என்று எழுதிவிட்டு மறுபடி அளந்தேன். ஆடவில்லை. இறங்குகிறது.

நாளை: முந்தைய நோக்குதல்களைப் பார். சோப்பு. அம்மாவின் மாத்திரை.

அக். 8

பகல் முழுக்க தண்ணீர் டாங்கி மேட்டில், ரெயின்கோட்டுக்குள் லேப்டாப். சிக்னல் அங்கேதான் ஒழுங்காக வரும். கொழுந்து மலைக்குப் போன அக்காமார் கேட்டார்கள்: "என்னா ராஜி, இங்க உக்காந்து யாருக்கு லெட்டர் எழுதுற?"

தொலைநோக்கி எங்கள் களத்துக்கு, நாங்கள் கேட்ட வானப் பகுதிக்கு, திரும்பும் முன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? அந்த அட்டவணை பொதுவில் இருக்கிறது. ஏன் இதற்கு முன் பார்க்கவில்லை, தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. வேறொரு குழு, வேறொரு வேலை: நெருக்கமான விண்மீன் கூட்டம். நடுவில் ஒரு விண்மீன், எங்கள் கருவிக்குக் கண் கூசும் பிரகாசம்.

அகச்சிவப்பு உணரியின் குணம் இது. பிரகாசமான ஒன்றைப் பார்த்தால் அந்த இடத்தில் ஒளி கொஞ்சம் தங்கிவிடும். மெல்ல மெல்ல வடியும். மிச்ச ஒளி. எல்லோருக்கும் தெரியும். இதைத் தவிர்க்கத்தான் தொலைநோக்கியைப் படத்துக்குப் படம் சற்று நகர்த்துவார்கள். வானத்துப் பொருள் வானத்தோடு நகரும், மிச்ச ஒளி உணரியில் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுக்கும்போது அது தனியாகத் தெரிந்து கழிந்துவிடும்.

ஆனால் அந்தக் குழுவும் நாங்களும் நகர்த்திய விதம் ஒன்றே. அதே அளவு, அதே வரிசை. அந்த விண்மீன் உணரியில் எங்கெல்லாம் தடம் விட்டதோ அங்கெல்லாம் எங்கள் வானத்தின் அதே ஓர் இடம் போய் உட்கார்ந்திருக்கிறது. படத்துக்கு ஒரு தடம். அடுக்கினால் ஒரே புள்ளி.

அப்படியானால் ஒவ்வொரு தனிப் படத்திலும் மற்றத் தடங்களும் இருக்க வேண்டும். நிரல் அவற்றைக் குப்பை என்று கழித்திருக்கும். கழிக்கும் முன் உள்ள படத்தைத் திறந்தேன்.

இருந்தன. சின்னச் சின்னதாக, வரிசையாக.

மேட்டிலிருந்து இறங்கும்போது அட்டை கடித்தது கூடத் தெரியவில்லை. வீட்டில் அம்மாதான் காலில் ரத்தத்தைப் பார்த்தார்.

அக். 9, வெள்ளி

கணக்கு முடிந்தது. விண்மீனின் பிரகாசம், இடைவெளி நேரம், வடியும் வேகம். மூன்றையும் போட்டால் 17இன் ஒளி அப்படியே வருகிறது. ஒரே பட்டையில் மட்டும் தெரிந்ததற்கும் காரணம் கிடைத்தது. முதலில் எடுத்த பட்டை அதுதான். மற்றவற்றுக்கு வருவதற்குள் மிச்ச ஒளி வடிந்துவிட்டது. தொலைவும் இல்லை, ஒன்றும் இல்லை.

17 கிடையாது.

இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். 17 கிடையாது.

பேராசிரியருக்கு மின்னஞ்சல். சுற்றி வளைக்காமல், வரைபடங்களோடு. எழுதி முடித்தபோது சிக்னல் இல்லை.

அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். சொன்னேன். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது.

"பேனர் அடிச்சாச்சு ராஜி. நோர்வூட் ரோட்டுல கட்டியாச்சு. இப்பப் போயி இல்லன்னா?"

"இல்லண்ணே. இல்லாதத இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"விழா முடியட்டும். அப்புறம் சொல்லிக்க. யாருக்கு வெளங்கப் போகுது இதெல்லாம்?"

"எனக்கு வெளங்குது."

"ஒனக்கென்னா, நீ கெம்பஸுக்குப் போயிருவ. ஸ்டாண்டுல நிக்கப் போறது நானு."

உண்மைதான். சாப்பிடாமல் போய்விட்டான்.

அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டார். "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"சிக்னல் இல்ல. காலையில மேட்டுக்குப் போறேன்."

"போயி அனுப்பிட்டு வந்து சாப்புடு."

அக். 10

ஏழு மணிக்கு முன் அனுப்பிவிட்டேன். பனி. தேயிலையின் மேல் சிலந்தி வலைகள் எல்லாம் வெள்ளையாக. வந்து இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

அக். 11, ஞாயிறு

பேராசிரியர் அழைத்தார். நான் மேட்டில், அவர் வேறொரு நாட்டின் விமான நிலையத்தில். குரலில் கோபம் இருந்ததா, களைப்பா? ஆங்கிலத்தில் பேசியது, ஞாபகத்திலிருந்து:

"உன் கணக்கைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது."

"மன்னிக்க வேண்டும், மேடம்."

"எதற்கு? பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. மற்ற முப்பதும் எப்படி?"

"தெரியாது."

"விண்ணப்பம் 18ஆம் தேதி போக வேண்டும். நிச்சயமில்லாத ஒன்றைக்கூட நான் போடமாட்டேன். ஒன்றும் மிஞ்சாவிட்டால் விண்ணப்பம் இல்லை."

விண்ணப்பம் இல்லையென்றால் எனக்கு இடமும் இல்லை. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். முப்பதையும் பார்ப்பது. வேகமாக அல்ல, ஒழுங்காக.

செய்ய வேண்டியவை:
ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய நோக்குதல்கள்.
பிரகாசமான விண்மீன்களின் தடம், ஒளி வடியும் கணக்கு.
அடுக்கும் முன் கழித்தல்.
கையால் பார்த்தல். நிரலை நம்பாதே.
அண்ணனிடம் பேசு.

அக். 13

இஷானி அக்கா கைகொடுத்தார். கெம்பஸில் என் பக்கத்து மேசை, கண்டிக்காரர். நான் நிரலை எழுதி அனுப்ப, அவர் அங்குள்ள பெரிய கணினியில் ஓட்டி, முடிவுகளை மட்டும் அனுப்புகிறார். சின்னக் கோப்புகள், மேட்டுச் சிக்னலுக்கு அது போதும். ஃபோனில் சிங்களத்தில், "பய வென்ட எபா நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி. பயம் இல்லை அக்கா, முதுகு வலிதான்.

செத்தவை: 4, 9, 22.
பிழைத்தவை: பதினைந்துக்கு மேல். பெரும்பாலும் பக்கத்துத் திரள்கள், விசேஷம் இல்லை.

26 விஷயம் சுவாரசியம். அது பட்டியலின் கடைசியில் கிடந்தது, "அழுக்கு" என்று குறித்து. இப்போது பார்த்தால் அழுக்கு அதனுடையது அல்ல, பக்கத்தில் விழுந்த ஒரு தடம். தடத்தைக் கழித்ததும் 26 சுத்தமாக நிற்கிறது. இரண்டு பட்டைகளில், எல்லாப் படங்களிலும் ஒரே ஒளி. 17 அளவுக்குத் தூரம் இல்லை. பேப்பரில் வராது. ஆனால் இருக்கிறது.

அண்ணன் இன்னும் பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அக். 14

அம்மாவுக்கு கிளினிக். கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து, தோல் வெளுத்து. ஆட்டோவில் மூன்று பேரும். அட்டன் தாண்டியதும் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மத்தது எல்லாம் நல்லா இருக்கா?"

"சிலது போயிருச்சு. சிலது நிக்கிது. இன்னும் பாக்கிறேன்."

"ம்."

அதிபரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. "அழைப்பிதழ்ல எல்லாம் போட்டாச்சேம்மா." வேறு யாரையாவது கூப்பிடுங்கள் சேர் என்றேன். மேசையில் கிடந்த அழைப்பிதழை எடுத்துப் புரட்டினார். "இல்ல, நீங்களே வாங்க. நீங்களே சொல்லிருங்க."

அக். 16, வெள்ளி

வாணி விழா. சந்தன நிறச் சேலை, இஸ்திரி போடும்போது கரண்ட் போய் பாதிச் சேலை சுருக்கத்தோடு.

ரோட்டில் பேனரைப் பார்த்து நின்றுவிட்டேன். "புதிய விண்மீன் திரளைக் கண்டுபிடித்த எங்கள் சகோதரி" என்று இருந்தது. "கண்டுபிடித்த" மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டி, கறுப்புப் பெயின்டில் "தேடும்" என்று எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்து, எங்கு பார்த்தாலும் தெரியும். "திரளைக்" என்பதில் "க்" அப்படியே நிற்கிறது. தமிழ் டீச்சர் பார்த்தால் விடமாட்டார். நான் அதன் கீழே நின்று மூக்கை உறிஞ்சினேன். நல்லவேளை, மழைத் தூறல்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள், பின்னால் பெற்றோர். மாலை நேரப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மாற்றுச் சேலையில் வந்த அக்காமார். எழுதிய பேச்சு வேண்டாம் என்று தோன்றியது.

"எல்லாரும் அந்த டியூப் லைட்டக் கொஞ்ச நேரம் பாருங்க. இப்ப கண்ண மூடுங்க. என்னா தெரியுது?"

"கோடு மிஸ்!"

"அந்தக் கோடு நெசமா அங்க இருக்கா?"

"இல்ல!"

"நாங்க கண்டுபுடிச்சோம்னு பேப்பர்ல வந்துச்சே, அதுவும் இந்த மாதிரிக் கோடுதான். தொலைநோக்கி அதுக்கு முந்தி ஒரு பெரிய வெளிச்சத்தப் பாத்துருச்சு. அது கண்ணுல தங்கிருச்சு. நாங்க கெலக்ஸின்னு நெனச்சுட்டோம்."

பின்னாலிருந்து ஒருவர்: "அப்ப பேப்பர்ல வந்தது பொய்யா?"

"பொய் இல்லைங்க. தப்பு. நாங்க செஞ்ச தப்ப நாங்களே புடிச்சுட்டோம்."

யாரும் கைதட்டவில்லை. அதிபர் மைக்கைக் கேட்டுக் கை நீட்டினார். அப்போது நடு வரிசையில் ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு இருக்கும், எழும்பி நின்றாள்.

"மிஸ், அப்ப மத்தது எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?"

"இன்னும் ஆறு பாக்கி இருக்கும்மா."

"அப்ப இங்க ஏன் வந்தீங்க?"

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் மண்டபம் முழுக்க. அதிபர் கூடச் சிரித்தார். அவல், கடலை, சுண்டல் எல்லாம் பையில் போட்டு அனுப்பினார்கள். "போயி அந்த ஆறையும் பாருங்க மிஸ்."

அக். 17

ஆறும் பார்த்தாயிற்று. ஐந்து நிற்கிறது. ஒன்று நிச்சயமில்லை. எடுத்துவிட்டேன்.

அண்ணன் டாங்கி மேட்டுக்குத் தானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். ஏறாத ஏற்றம், பாதியில் இறங்கித் தள்ளினோம். "ஸ்டாண்டுல கேட்டானுங்க. தங்கச்சி தப்புப் பண்ணிருச்சாமேன்னு."

"என்னா சொன்ன?"

"புடிச்சதும் அவதான்னு சொன்னேன்." கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

அக். 18, ஞாயிறு

விண்ணப்பம் போய்விட்டது. முதல் பெயர் 26. தலைப்பு அடக்கமாக, கேட்ட நேரமும் குறைவாக. பேராசிரியர் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார், மிச்ச ஒளியை எப்படிப் பிரித்தோம் என்று. அதன் கீழ் என் பெயர். கிடைக்குமா தெரியாது. பதில் வர மாதங்கள் ஆகும். அவரிடமிருந்து கடைசி வரி: "இந்த நிரலை மற்றக் களங்கள் எல்லாவற்றிலும் ஓட்டு. நாளை தொடங்கு."

அம்மா தடி இல்லாமல் வாசல் வரை நடந்தார். திரும்பி வர என் தோள் தேவைப்பட்டது.

அக். 19

மூட்டம். இரண்டாம் களம், முதல் படங்கள். காலை முழுக்க கோடு கழித்தல். மத்தியானம் அடுக்கியாயிற்று. இடது மூலையில், ஒரே பட்டையில், சின்னதாக, நல்ல சிவப்பாக ஒன்று.

அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையோடு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்னா அது?"

"தெரியலண்ணே."

"பேப்பர்காரனக் கூப்புடவா?"

"போண்ணே அங்கிட்டு."

சிரித்துக்கொண்டே போனான். கதவைச் சாத்திவிட்டு முந்தைய நோக்குதல்களின் அட்டவணையைத் திறந்தேன்.