முள்ளைப் பயிராகக் காட்டிய படம்

அனுப்புநர்:
நா. முருகையன்,
மணிலா (வேர்க்கடலை) வியாபாரி,
கீழ்பென்னாத்தூர்.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
களர் நிலச் சீரமைப்புத் திட்டம்,
திருவண்ணாமலை.

பொருள்: செயற்கைக்கோள் படத்தின்படி தயாரித்த களர் நிலப் பட்டியலில் என் நிலத்தை நீக்கி, திருமதி ஆராயி நிலத்தைச் சேர்த்து, என்னிடமுள்ள ஜிப்சத்தை அவருக்கு வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாலையோரம் எனக்கு இரண்டு ஏக்கர் மணிலா நிலம் உள்ளது. தீபத் திருவிழாவுக்கு வெளியூர் பஸ்கள் அங்கே நிற்கும். சென்ற ஆண்டு மழை ஜாஸ்தி. சக்கரம் புதையாமலிருக்க நிலம் முழுக்க வெள்ளைக் கல்தூள் கொட்டினேன். விழா முடிந்ததும் வழித்தெடுக்காமல் தை வரை விட்டது என் தவறு. அந்த இடைவெளியில் எடுத்த படத்தில் என் நிலம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது.

2. உண்மையான களர், பக்கத்திலுள்ள ஆராயியின் ஒன்றரை ஏக்கர். அப்போது அதில் வேலிக்கருவேல் மண்டியிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் பச்சையெல்லாம் சிவப்பாக விழுமாம்; அதுவும் சிவப்பாக விழ, சிவப்பு என்றால் பயிர் என்று எழுதிவிட்டார்கள்.

3. தங்கள் திட்டத்திலிருந்து நாற்பது மூட்டை ஜிப்சம் வந்து இறங்கியபோது, வழக்கம்போல் மணிலாப் பயிருக்குப் போடத்தான் என்றெண்ணிப் படிக்காமல் கையெழுத்திட்டேன். இலவசம் என்றால் வியாபாரிக்குக் கண் மங்கும் ஐயா. கூட்டுறவுச் சங்கத்தில் களர் நிலப் பட்டியல் ஒட்டியபோதுதான் விளங்கியது. களர் நிலத்து விதை என்று பேரானால் என் விதை மணிலாவை எவரும் தொடமாட்டார்கள். என் சுயநலத்தையும் மறைக்கவில்லை.

4. ஆராயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்தருளவும்: "மேலேர்ந்து பாக்குறவங்களுக்கு முள்ளு பயிராட்டம் தெரியுதாண்ணே? கீழ எறங்கி ஒருவாட்டி குத்து வாங்கிட்டுப் போவச் சொல்லுங்க."

5. அவர் முள்ளை வெட்டி, வேரைப் பிடுங்கி, வரப்புக் கட்டிக் காத்திருக்கிறார். ஜிப்சம் போட்டுத் தண்ணீர் தேக்கி வடித்தால்தான் உப்பு இறங்கும். ஏரி மதகை ஞாயிற்றுக்கிழமை அடைக்கிறார்கள். தவறினால் அடுத்த மழைக்காலம்வரை அந்த நிலம் தரிசுதான். அதற்குள் முள் மறுபடி ஏறிவிடும்.

6. மூன்று முறை தங்கள் அலுவலகம் வந்தேன். அடுத்த படம் வரட்டும், திருத்தலாம் என்கிறார்கள். படம் வரும்வரை தண்ணீர் நிற்காது ஐயா.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் ஒருவரை அனுப்பி இரண்டு நிலத்து மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்து உத்தரவிட வேண்டுகிறேன். எவரும் வராவிட்டால், சனிக்கிழமை காலை நாற்பது மூட்டையையும் ஆராயி நிலத்தில் நானே பிரித்துக் கொட்டிவிடுவேன். அதற்காக என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்கு இதன்மூலம் சம்மதிக்கிறேன்.

இடம்: கீழ்பென்னாத்தூர்
நாள்: 22.02.2006

இப்படிக்கு,
நா. முருகையன்
(கையொப்பம், இம்முறை படித்துப் பார்த்து இட்டது)