கூரையிலிருந்து பாய்ந்த மனிதர்

மல்வேர்ன், ரொறன்ரோ
19.02.1995

அன்பு மகள் அன்ரனெற்றுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் தேக சுகத்துடன் இருக்கிறோம், நீயும் பரிஸ் நகரத்தில் அப்படியே இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். இந்த முறை குளிர் கொடுமை, அப்பா விடிய பஸ்ஸுக்கு நின்று நின்று காது இரண்டும் சிவந்துபோய் வருகிறார், நீயும் காதை மூடாமல் வெளியே போகாதே. நீக்கிலாசைக் கலியாணம் முடிக்க விருப்பம் என்று நீ எழுதிய நாளிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும், ‘அங்கை இருக்கிறவள்’ என்றுதான் சொல்லுவார். வெள்ளைக்காரன், அவன் குலம் கோத்திரம் ஆருக்குத் தெரியும் என்பதோடு கதை முடிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நாளும் உனக்கு எழுதக் கை வரவில்லை. இன்று வந்திருக்கிறது, ஆறுதலாக வாசி.

இங்கே சொந்தக்காரரின் கலியாண வீட்டுக்கு வந்த உன் பக்கத்து வீட்டு யோகமலர், நீ கொடுத்துவிட்ட வீடியோ கசற்றை என் கையில் தந்து, பெடியன்ரை வீட்டுக்காரர் இதிலை இருக்கினமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவசரத்தில் ஓடிவிட்டா. எங்கள் ஆட்கள் ஐரோப்பாவிலிருந்து அனுப்புகிற கசற்றில் வேறு என்ன இருக்கும், மாப்பிள்ளை வீடு, தாய் தகப்பன், விருந்து, இவைதானே. உங்கள் நாட்டுக் கசற் இங்கத்தை டெக்கில் ஓடாது, மழை பெய்கிற மாதிரிக் கோடுதான் விழும் என்றபடியால் வீடியோக் கடையில் கொடுத்து மாற்றி எடுத்தேன். கடைத் தம்பியும் மெஷினைத் தட்டிவிட்டு, என்ன ஓடுகிறது என்று திரும்பிப் பார்க்கவில்லைப் போலிருக்கிறது. அப்பா பேச்சுக் கேட்கிற ஒரே ஆள் அவருடைய தமையன் என்று, அஜக்ஸிலிருந்து நீக்கிலாப்பிள்ளைப் பெரியப்பாவையும் போன சனிக்கிழமை கூப்பிட்டு, பற்றிஸும் பொரித்து, மாப்பிள்ளை வீடு பார்க்க ஆயத்தமாக இருந்தேன். அப்பா மூலைக் கதிரையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

போட்டால், கறுப்பு வெள்ளையில் ஒரு தொப்பிக்காரன் ஒரு கிழவியின் நாய்க்குட்டியைக் குறுக்கு விசாரணை செய்கிறான். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உவர்தான் தகப்பனோ, பொலிஸிலையோ வேலை என்று கேட்டார். அது பழைய துப்பறியும் படம் என்று விளங்கியபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பிள்ளை, என்ன படம் அது. ஒரு சொல் விளங்கவில்லை, ஒன்றும் விளங்காமலும் போகவில்லை. களவுபோன மாலையைத் தேடி அந்தத் தொப்பிக்காரன் குடையோடு ரயிலில் தொங்குகிறான், கலியாணக் கேக்குக்குள்ளிருந்து எழும்புகிறான், நாங்கள் வாயைத் திறந்தபடி இருந்தோம். பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கள்ளன் உன் ஊர்க் கூரைகளுக்கு மேலே ஓடினான், ஓடி, ஆறு தெரிகிற கூரை விளிம்பில் நின்று, கையை விரித்துப் பாய்ந்து, கீழே முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு போகிற படகில் விழுந்தான். அப்பாவின் பேப்பர் நிலத்தில் கிடந்தது.

யோகமலரும் அப்போதுதான் பனி ஒட்டின கோட்டோடு வந்து நுழைந்தா. உதுதான், உந்தப் பாயிறவர்தான் நீக்கிலாசின்ரை அப்பப்பா, நடிகருக்குப் பதிலாப் பாயிறதுதான் அவரின்ரை தொழில், கயிறும் இல்லை ஒண்டும் இல்லை என்றா. அப்பா எழும்பிப் போய், தன் கையாலேயே கசற்றைப் பின்னுக்குச் சுற்றிப் போட்டு, ரீவிக்குக் கிட்ட நின்று அந்தப் பாய்ச்சலைப் பார்த்தார். பிறகும் பார்த்தார். உந்த மனுசன் இப்பவும் இருக்கிறாரோ என்று கேட்டார். இருக்கிறார், ஒரு கால் ஏலாது, ஆனா நத்தார் பண்டிகைக்கு உங்கடை மகளைப் பாக்க லிப்ற் இல்லாத அஞ்சு மாடியும் ஏறி வந்தவர் என்று யோகமலர் சொன்னா. இதை நீ எனக்கு எழுதவே இல்லையே. அப்பா இரவு சாப்பாடு வேண்டாம் என்றார்.

கிழமை முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். இன்று பூசை முடிந்ததும் அப்பா பெரியப்பாவிடம் வீடியோக் கமெராவைக் கொண்டுவரச் சொன்னார். நாங்களும் அவைக்கு ஒரு கசற் அனுப்ப வேணும், அதுதானே முறை என்றார். கோட் சூட், ரை எல்லாம் கட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் உழவு மெஷின் ஒதுக்கி வைத்த பனிக் குவியலடியில் போய் நின்றார். மறிக்க மறிக்கக் கேட்காமல் தூரத்திலிருந்து ஓடிவந்து அதற்கு மேலால் பாய்ந்தார் பிள்ளை, எங்கே தாண்டுவது, நடுவிலேயே இடுப்பளவுக்குப் புதைந்து போனார். பெரியப்பா இழுத்து எடுத்தார். பனியைத் தட்டிவிட்டு, கமெராவை நேரே பார்த்து, ஐயா, நான் அன்ரனெற்றின்ரை அப்பா, எனக்கு ஏலுமான பாய்ச்சல் உவ்வளவுதான் என்று சொன்னார்.

யோகமலர் செவ்வாய்க்கிழமை திரும்புகிறா, கசற் அவவின் கையில் வருகிறது. உனக்கும் நீக்கிலாசுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அந்தப் பெரிய மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல்லு, இனி அவரை மாடி ஏற விடாதே, நீங்கள் போய்ப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கடையில் கொடுத்து மாற்றி எடுக்காமல் கசற்றை டெக்கில் போடாதே. மழை விழுந்தால் அப்பா உன் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் தெரியாது.

உன்மேல் உயிராக இருக்கும் அம்மா,
வேரோனிக்கா